பேயூரில் துப்பறிய: ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேமுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேப்பிள் கிரீக் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஒரு பதின்வயதுப் பெண் காணாமல் போயிருக்கிறாள். அவளைத் தேடி வந்த துப்பறிவாளர் நீங்கள். விசாரிக்க விசாரிக்க, இதற்கு முன்பும் அந்த ஊருக்கு வந்தவர்கள் பலர் தடயமில்லாமல் மறைந்திருப்பது தெரியவருகிறது. மனிதக் கணக்குக்குள் அடங்காத ஏதோ ஒன்று அங்கே குடியிருக்கிறது.

‘எனிக்மேட்டிஸ்: தி கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் கிரீக்’ என்ற கேமின் கதை இது. போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனம் செய்தது. ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்றால், காட்சிக்குள் ஒளிந்திருக்கும் பொருள்களைப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கேம் வகை. அதில் அமானுஷ்யமும் துப்பறிதலும் கலந்த கேம்களில் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இந்த வகைக்குள் நுழைய நான் நிறையவே திணறினேன். எதை வாங்குவது, எங்கே மாட்டிக்கொண்டோம், பட்டியலில் இருக்கும் அந்தப் பொருள்தான் என்ன என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள இடமே கிடைக்கவில்லை. அந்தத் திணறல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். இது கண் கூர்மையாக இருப்பவர்களுக்கான விளையாட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முறையாகத் தேடுகிறவர்களுக்கும், கிடைத்த காகிதத்தைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கும் ஏற்ற விளையாட்டு. கண்ணாடி போட்டவர்கள் தயங்கவே வேண்டாம்.

1. எந்த வகை கேம் என்று முதலில் பாருங்கள்

ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்று தேடினால் இரண்டு வகை வந்து விழும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதல் வகை, ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் முழுக்கதை கேம். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் உண்டு. எனிக்மேட்டிஸ் இந்த வகை. ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்’ வரிசையில் 2006இல் வந்த ‘ரேவன்ஹர்ஸ்ட்’டும் இந்த வகைதான். அது இங்கிலாந்தில் உள்ள ஒரு பழைய மாளிகையைச் சுற்றிய பேய்க்கதை.

இரண்டாம் வகை, இலவசமாக இறக்கிக்கொண்டு ‘எனர்ஜி’ தீரத் தீரக் காத்திருக்கும் கேம். 2017இல் வந்த ‘ஜூன்ஸ் ஜர்னி’ இந்த வகையில் புகழ்பெற்றது. ஒவ்வொரு காட்சிக்கும் எனர்ஜி செலவாகும்; தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். கதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும். ஓவியங்கள் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மர்மத்தை எடுத்து முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அது சரிப்படாது.

கடைப் பக்கத்தில் ‘ஆப்புக்குள் வாங்கும் வசதி’ என்று இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுக்கதை கேம்களும் ஃபோனில் அப்படித்தான் வருகின்றன: முதல் பகுதி இலவசம், பிடித்தால் ஒரே தொகை கட்டி மீதியைத் திறக்கலாம். வித்தியாசம் தெரிய விமர்சனங்களில் ‘எனர்ஜி’ என்ற சொல்லைத் தேடுங்கள். அடிக்கடி வந்தால் இரண்டாம் வகை.

2. எதில் விளையாடுவது

என் முதல் தேர்வு லேப்டாப் அல்லது கணினி. இந்த கேம்களுக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாம். அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண இயந்திரமே போதும். வட்டில் ஓரிரண்டு ஜிபி இடம் இருந்தால் சரி. மவுஸ் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். டச்பேடில் விரலைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினால் அரை மணி நேரத்தில் கை அலுத்துவிடும்.

இரண்டாவது டேப்லெட். தொட்டு விளையாடும் சுகம் கணினியில் வராது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று இலவசப் பகுதியிலேயே சோதித்துவிடுங்கள்.

ஃபோனில் முடியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். கணினித் திரைக்காக வரைந்த காட்சி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும்போது ஊசியும் சாவியும் ஒன்றாகிவிடுகின்றன. டிவியோடு இணைத்து ஆடும் கன்சோலில் கண்ட்ரோலர் குச்சியை வைத்துச் சுட்டியை நகர்த்துவது மெதுவான வேலை. ஆனால் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்து ‘அதோ, அந்த ஜன்னல் ஓரத்துல பார்’ என்று சொல்லிச் சொல்லி விளையாட அதைவிட நல்லது வேறில்லை. எங்கள் வீட்டில் அத்தை பட்டியலை வாசிப்பார், மற்றவர்கள் தேடுவோம். புதியவர்கள் முதல் கேமை இன்னொருவரோடு சேர்ந்து ஆடினால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு தளத்தில் வாங்கியது இன்னொன்றில் வராது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால் ஃபோனில் மறுபடி காசு கட்ட வேண்டும். பாதி ஆடிய ஆட்டமும் கூடவே வராது. எதில் ஆடப்போகிறீர்கள் என்று முடிவெடுத்த பிறகு வாங்குங்கள்.

3. கணக்கு, பணம், ரசீது

கணினிக்கு ஸ்டீம் கணக்கு திறந்துகொள்ளுங்கள். கணக்கு திறக்கக் காசு இல்லை. கேட்பது ஒரு மின்னஞ்சல் முகவரி, நாடு, கடவுச்சொல், அவ்வளவுதான். ஆதார், பான், பாஸ்போர்ட் என்று எந்த ஆவணத்தையும் கேம் வாங்குவதற்காக யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்படி யாராவது கேட்டால் அது ஏமாற்று வேலை. கணக்கு திறந்ததும், புதிய கருவியில் நுழையும்போது குறியீடு கேட்கும் ‘ஸ்டீம் கார்ட்’ (Steam Guard) பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். பின்னால் கணக்கு பறிபோனால் வாங்கியதெல்லாம் போகும்.

இந்தியாவில் விலை ரூபாயில் காட்டும், யுபிஐ மூலம் கட்டலாம். கார்டு என்றால் பன்னாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டியிருக்கலாம். வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். இலங்கையில் விலை டாலரில் வரும், சிங்கப்பூரில் அந்த ஊர் டாலரில், மலேசியாவில் ரிங்கிட்டில். இன்னொரு நாட்டில் விலை குறைவு என்று விபிஎன் போட்டு நாட்டை மாற்றி வாங்கப் பார்க்காதீர்கள். அது ஸ்டீமின் விதிக்கு விரோதம், கணக்கையே முடக்கலாம்.

வாங்கியதும் வரும் ரசீது மின்னஞ்சலை அழிக்காமல் தனியாக எடுத்துவையுங்கள். பணம் திரும்பக் கேட்கவும், கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபிக்கவும் அதுதான் ஆதாரம்.

‘முழு கேம் இலவசம்’ என்று சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். நல்ல தள்ளுபடியில் ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும் கேமுக்காக வங்கிக் கணக்கு வைத்திருக்கும் கணினியில் வைரஸை அழைத்து உட்காரவைப்பது வீண்.

4. எப்போது வாங்கினால் காசு மிச்சம்

அவசரமே வேண்டாம். இவை பழைய கேம்கள், ஓடிப்போகாது. ஸ்டீமில் ஜூன் கடைசி வாக்கில் கோடைத் தள்ளுபடியும், டிசம்பர் கடைசியில் குளிர்காலத் தள்ளுபடியும் வரும். ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டியின் கேம்கள் அப்போது பெரும்பாலும் மிகப் பெரிய தள்ளுபடியில் கிடைக்கும். நடுநடுவே சின்னத் தள்ளுபடிகளும் உண்டு. கேமை ‘விஷ்லிஸ்ட்’டில் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள். விலை இறங்கினால் மின்னஞ்சல் தானாக வரும்.

பல கேம்கள் சேர்ந்த மூட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். பிடித்தால் அப்புறம் மூட்டையை வாங்கலாம். ஏற்கெனவே உங்களிடம் உள்ள கேமின் விலையை ஸ்டீம் பெரும்பாலான மூட்டைகளில் கழித்துக்கொள்ளும்.

‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்ற பெயரில் விலை கூடிய பதிப்பைப் பார்ப்பீர்கள். அதில் வழக்கமாகக் கூடுதல் அத்தியாயமும், உள்ளேயே வழிகாட்டிப் புத்தகமும், ஓவியங்களும் இருக்கும். முதல்முறை ஆடுபவருக்கு அந்த உள்வழிகாட்டி உண்மையிலேயே உதவும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

பணம் திரும்பப் பெறும் விதியை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பக் கேட்கலாம். பொறி இங்கேதான் இருக்கிறது. இந்த கேம்கள் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம்தான். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று உட்கார்ந்தால் 2 மணி நேரம் எப்போது தாண்டியது என்றே தெரியாது. திறந்து வைத்துவிட்டுச் சமைக்கப் போன நேரமும் கணக்கில் சேரும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் ப்ளேயிடம் கேட்பதற்கு 48 மணி நேரம் இருக்கிறது. ஐபோனில் ஆப்பிளிடம் விண்ணப்பித்தால் அவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். ஸ்டீமில் சில கேம்களுக்கு டெமோ உண்டு. இருந்தால் அதையே முதலில் ஆடுங்கள்.

5. ஆட்டத்தைத் தொடங்கும் முன்

சிரமநிலை கேட்கும். எளியதைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஏதாவது செய்ய வேண்டிய இடங்கள் மினுமினுக்கும்; தேடுவதைக் காட்டிக்கொடுக்கும் ஹின்ட் பொத்தான், ஒருமுறை அழுத்திய பின் சீக்கிரம் நிரம்பும். கடினமானதில் மினுமினுப்பே இருக்காது. முதல் கேமில் இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொண்டால் போதும். பயிற்சிப் பகுதியையும் தாண்டாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். பேய்க்கதை என்பதால் எல்லாக் காட்சியும் இருட்டு. திரையின் வெளிச்சத்தை ஏற்றுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பழுப்பு மேசையில் பழுப்புப் பணப்பையை ஒளித்து வைத்திருப்பார்கள், மஞ்சள் வடிகட்டி இருந்தால் அது தெரியவே தெரியாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். திரையில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்.

ஒலியை மொத்தமாக நிறுத்த வேண்டாம். கிளிக் சரியா தவறா என்பதைச் சத்தம்தான் முதலில் சொல்லும். இசையைக் குறைத்து, ஒலிக்குறிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். திடுக்கென முகம் காட்டும் காட்சிகள் வரும். சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவதற்கு முன் கடைப் பக்கத்தில் வயது வரம்பைப் பாருங்கள்.

பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். ஏன் என்று 8ஆம் படியில் சொல்கிறேன்.

6. பொருள் தேடும் காட்சியை எப்படி அணுகுவது

கேமில் நடமாடும்போது ஓரிடத்தில் மினுமினுப்பு தெரியும். கிளிக் செய்தால் குப்பைமேடு மாதிரி பொருள்கள் நிறைந்த காட்சி விரியும். கீழே பட்டியல் இருக்கும். புதியவர்கள் உடனே பட்டியலின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு திரை முழுக்க அலைவார்கள். அது கூடாது.

பட்டியல் முழுவதையும் முதலில் ஒரு தடவை வாசியுங்கள். பிறகு அதை மறந்துவிட்டு, இடது மேல் மூலையில் தொடங்கி ஒரு பட்டை அகலத்துக்குக் கண்ணை வலப்பக்கம் நகர்த்துங்கள். அடுத்த பட்டை, அதற்கடுத்த பட்டை. ஒவ்வொரு பொருளையும் பார்த்து ‘இது என்ன?’ என்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். பட்டியலில் உள்ளது தானாக மாட்டும். இப்படி ஒரு சுற்று முடிந்தாலே முக்கால்வாசி கிடைத்திருக்கும்.

மீதி ஒளிந்திருப்பது எப்போதும் சில இடங்களில்தான். திரையின் நான்கு ஓரங்களைப் பாருங்கள், பாதி வெட்டுப்பட்ட நிலையில் இருக்கும். நீளமான, ஒல்லியான பொருள்கள் (குடை, அம்பு, புல்லாங்குழல், தூண்டில்) கதவு நிலையோடும் மேசைக் காலோடும் ஒட்டி நிற்கும். சில பொருள்கள் உண்மையான பொருளாகவே இருக்காது. சுவரில் வரைந்த ஓவியமாகவோ, துணியின் பூவேலையாகவோ, மரத்தில் செதுக்கிய உருவமாகவோ இருக்கும். அளவையும் நம்பாதீர்கள். யானை ஒரு பொத்தான் அளவுக்கு இருக்கும், எறும்பு ஒரு தட்டு அளவுக்கு இருக்கும்.

பட்டியலில் சில பெயர்கள் வேறு நிறத்தில் இருந்தால், அந்தப் பொருள் அப்படியே கிடைக்காது என்று அர்த்தம். ஏதாவது செய்தால்தான் வரும். பெட்டியைத் திறக்க வேண்டும், மெழுகுவர்த்தியைத் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும், கோடரியின் தலையைக் கைப்பிடியோடு சேர்க்க வேண்டும். இதை அறியாமல் ‘எரியும் மெழுகுவர்த்தி எங்கே?’ என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. சுட்டியை அலமாரி, திரைச்சீலை, இழுப்பறை மேலெல்லாம் மெதுவாக நகர்த்துங்கள். வடிவம் மாறினால் அங்கே ஏதோ திறக்கும்.

கண்டபடி கிளிக் செய்வது உதவாது. தொடர்ந்து தவறாகத் தட்டினால் பல கேம்கள் சில வினாடிகளுக்குச் சுட்டியை முடக்கிவிடும். ஹின்ட் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கடைசி இரண்டு பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்சி முடிந்ததும் அதிலிருந்து ஒரே ஒரு பொருள் உங்கள் பைக்கு வரும். அந்தப் பொருளுக்காகத்தான் இவ்வளவு தேடலும். அது என்ன என்று கவனிக்காமல் ஓடிவிடாதீர்கள்.

பெரும்பாலும் ஒரே காட்சிக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கும். முதல்முறை தேடும்போது கண்ணில் பட்டு பட்டியலில் இல்லாதவற்றை ஞாபகம் வைத்திருந்தால் இரண்டாம் முறை ஓட்டமாக முடியும்.

7. பட்டியலின் ஆங்கிலம்

இந்த கேம்கள் தமிழில் இல்லை. நம்மவர்கள் பலர் பாதியில் விடுவதற்குக் கண் காரணமில்லை, பட்டியல்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அமெரிக்கப் பண்ணை வீட்டுச் சாமான்களின் பெயர் தெரிந்திருக்காது.

அடிக்கடி வருபவை சில. ‘திம்பிள்’ என்பது தைக்கும்போது விரலில் மாட்டும் உலோகத் தொப்பி. ‘பெல்லோஸ்’ கொல்லன் உலையில் பார்க்கும் துருத்தி. இங்கே கைக்கடக்கமாக, இரண்டு கைப்பிடியோடு இருக்கும். ‘போக்கர்’ கணப்படுப்பைக் கிளறும் இரும்புக் கம்பி. ‘ஏகார்ன்’ ஓக் மரத்தின் கொட்டை, தலையில் தொப்பி வைத்தது போலிருக்கும். ‘வெதர்வேன்’ கூரைமேல் காற்றின் திசை காட்டும் கருவி, பெரும்பாலும் சேவல் உருவம். ‘ஹார்ஸ்ஷூ’ குதிரை லாடம்.

இன்னும் ஏமாற்றுபவை நமக்குத் தெரிந்ததுபோல் தோன்றும் சொற்கள். ‘டார்ச்’ என்றால் தீப்பந்தம். நாம் டார்ச் என்று சொல்வதற்கு அங்கே ‘ஃப்ளாஷ்லைட்’. ‘ரெஞ்ச்’ என்பது நம் மெக்கானிக் கடை ஸ்பேனர். ‘க்ரோபார்’ என்றதும் நம் ஊர் நெட்டைக் கடப்பாரையைத் தேடாதீர்கள். அது முழங்கை நீளத்தில், நுனி வளைந்து, ஆணியைப் பெயர்க்கிற கம்பி. அமானுஷ்ய கேம்களில் அது கட்டாயம் வரும், ஏனென்றால் எல்லாப் பாழ்வீட்டிலும் கதவின் குறுக்கே பலகை அடித்திருப்பார்கள்.

ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வருவதும் வேண்டுமென்றே வைக்கும் பொறி. ‘பேட்’ வௌவாலாகவும் இருக்கலாம், மட்டையாகவும் இருக்கலாம். ‘கிரேன்’ பளுதூக்கியும் ஆகும், நாரையும் ஆகும். ‘நெயில்’ ஆணி அல்லது நகம். ‘சீல்’ அரக்கு முத்திரை அல்லது கடல்நாய். ‘கிளப்’ தடியாகவும் இருக்கலாம், சீட்டுக்கட்டின் க்ளாவர் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரு பொருள் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையென்றால் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டா என்று முதலில் யோசியுங்கள்.

தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்பதைவிட ஃபோனில் படமாகத் தேடுங்கள். உருவம் தெரிந்தால்தான் கண் பிடிக்கும். பார்த்த சொற்களை நோட்டில் எழுதிவையுங்கள். எந்த நிறுவனத்தின் கேமிலும் இதே சாமான்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இரண்டு கேம் முடிப்பதற்குள் சொல் தடை பெரும்பாலும் நீங்கிவிடும்.

8. காகிதங்களும் சான்றுப் பலகையும்

துப்பறியும் கேமில் உங்கள் சொத்து, கிடைக்கும் காகிதங்கள்: கடிதம், நாட்குறிப்பின் கிழிந்த பக்கம், செய்தித்தாள் துண்டு, புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு. வேகமாகக் கிளிக் செய்து மூடிவிடத் தோன்றும். தயவுசெய்து படியுங்கள். பூட்டின் எண்ணும், யார் பொய் சொல்கிறார்கள் என்ற குறிப்பும் இங்கேதான் இருக்கும்.

எனிக்மேட்டிஸின் தனிச்சிறப்பே இதுதான். கிடைத்த சான்றுகள் ஒரு பலகையில் சேர்ந்துகொண்டே போகும். ஒன்றோடொன்று பொருந்துவதை நீங்கள்தான் இணைத்து முடிவுக்கு வர வேண்டும். காகிதத்தைப் படிக்காதவர் இங்கே குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டிருப்பார். படித்தவருக்கு இந்த இடம்தான் கேமிலேயே மிகவும் இனிக்கும். பெயர், தேதி, இடம் இந்த மூன்றையும் பார்த்து இணையுங்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு காகிதத்தில் வந்தாலோ, ஒரே அடையாளம் இரண்டு படத்தில் தெரிந்தாலோ அவை பெரும்பாலும் ஜோடி.

நோட்டில் குறிக்க வேண்டியவை: கண்ணில் படும் எந்த எண்ணும், வரிசையாக வரும் எந்த உருவமும், வண்ணங்களின் வரிசையும். சுவர்க்கடிகாரம் நின்றுபோன நேரம், கல்லறையின் ரோமன் எண், ஜன்னல் கண்ணாடியின் நிற வரிசை எல்லாம் பின்னால் ஏதாவது ஒரு பூட்டுக்கு வேண்டியிருக்கும். ஃபோனில் படம் பிடித்துக்கொள்வதும் நல்ல வழி.

தேதியைக் கொண்டு திறக்கும் பூட்டு வந்தால் கவனம். அமெரிக்கக் கதையில் மாதம் முதலில், நாள் அடுத்து. ஜூலை 4 என்றால் 07-04. நம் வழக்கப்படி 04-07 போட்டால் திறக்காது. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே பலர் இங்கே நிற்கிறார்கள்.

9. பையில் உள்ள பொருள்கள்

திரையின் அடியில் உங்கள் பை இருக்கும். இதற்கு இரண்டு விதிகள். பயன் முடிந்த பொருளைக் கேமே எடுத்துக்கொள்ளும்; ஆகவே பையில் ஒரு பொருள் இன்னும் இருக்கிறதென்றால் அதற்கு வேலை பாக்கி. இரண்டாவது, பொருளின் மூலையில் கூட்டல் குறியோ வேறு அடையாளமோ இருந்தால் அதைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும், அல்லது வேறொன்றோடு சேர்க்க வேண்டும்.

கேமின் தர்க்கம் நேரானது, ஆனால் பிடிவாதமானது. துருவுக்கு எண்ணெய், கயிற்றுக்குக் கத்தி, பலகைக்கு வளைந்த கம்பி, திருகுக்குத் திருப்புளி அல்லது நாணயம், தேனீக்கு அல்லது குளவிக்குப் புகை. உங்களிடம் கோடரி இருந்தாலும் கண்ணாடியை உடைக்கச் சுத்தியல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். சண்டை போடாதீர்கள், சுத்தியலைத் தேடுங்கள்.

10. புதிர்கள்

பெரும்பாலான புதிர்கள் ஏழெட்டு வகைக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி இருக்கிறது.

நகர்த்துக் கட்டைகள் (3க்கு 3), அதாவது ஒரே ஒரு காலி இடத்தை வைத்துக் கட்டைகளைத் தள்ளிப் படத்தைச் சேர்ப்பது: முதலில் மேல்வரிசையை முடியுங்கள், பிறகு இடது பத்தியை. மிஞ்சும் நான்கு இடங்களில் உள்ள மூன்று கட்டைகளைச் சுற்றிச் சுற்றி விட்டால் அமர்ந்துவிடும். முடித்த வரிசையை மறுபடி கலைக்காதீர்கள்.

விளக்குப் புதிர், அதாவது ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளவையும் மாறுவது: எந்த வரிசையில் அழுத்தினாலும் விளைவு ஒன்றுதான், ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ஒன்றும் அழுத்தாததற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு பொத்தானுக்கும் அழுத்துவதா வேண்டாமா என்ற ஒரே முடிவுதான். மேல்வரிசையில் எரிவதற்கு நேர் கீழே உள்ளதை அழுத்தி வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டே இறங்குங்கள். கடைசி வரிசையில் சில மிஞ்சினால், மேல்வரிசையில் வேறு பொத்தான்களை அழுத்திவிட்டு மீண்டும் இறங்குங்கள்.

தட்டு அடுக்கும் ஹனோய் கோபுரம், அதாவது மூன்று கம்பங்களில் பெரிய தட்டு சிறியதன் மேல் வராமல், ஒவ்வொன்றாக எல்லாத் தட்டையும் வேறு கம்பத்துக்கு மாற்றுவது: மிகச் சிறிய தட்டை ஒன்று விட்டு ஒரு நகர்வில் எப்போதும் ஒரே திசையில் நகர்த்துங்கள்; நடுவில் வருவது சாத்தியமான ஒரே மற்ற நகர்வு. தட்டுகள் ஒற்றைப்படை என்றால் முதல் நகர்வு சேர வேண்டிய கம்பத்துக்கு, இரட்டைப்படை என்றால் மற்ற கம்பத்துக்கு. 3 தட்டுக்கு 7 நகர்வு, 4 தட்டுக்கு 15. அதைத் தாண்டிப் போகிறதென்றால் ரீசெட் அழுத்துங்கள்.

சுழலும் வளையங்கள்: எந்த வளையத்தைத் திருப்பினால் எது கூடவே திரும்புகிறது என்று முதலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மற்றவற்றை அசைப்பவற்றை முதலில் முடித்துவிட்டு, தனியாகத் திரும்புவதைக் கடைசிக்கு வையுங்கள். ஒலியை, ஒளியை வரிசையாகத் திருப்பிச் செய்யும் புதிரில் மனப்பாடம் வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்.

ஸ்கிப் பொத்தான் நிரம்பிய பிறகு புதிரைத் தாண்டலாம். தாண்டினால் கதையில் எதுவும் குறையாது. ஸ்கிப் இல்லாமல் முடிப்பவருக்கான சாதனைப் பதக்கம் ஏதாவது இருந்தால் அது மட்டும் கிடைக்காது. பத்து நிமிடம் முயன்றும் எரிச்சல்தான் மிச்சம் என்றால் தாண்டிவிடுங்கள்.

11. மாட்டிக்கொண்டால்

எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அப்போது உடனே யூடியூபில் முழு விளையாட்டைத் திறக்காதீர்கள். தேடியது கிடைப்பதற்குள் குற்றவாளியின் முகம் தெரிந்துவிடும். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் குறிப்பேட்டைத் திறந்து இப்போதைய வேலை என்ன என்று பாருங்கள். அடுத்து, பையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ‘இது பொருந்தும் இடத்தை எங்கேயாவது பார்த்தேனா?’ என்று கேளுங்கள். அப்புறம் ஏற்கெனவே போன இடங்களுக்குத் திரும்பிப் போங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை விடுபட்டது புதிய இடத்தில் இருக்காது. முதலிலேயே பார்த்த அறையில், பெரிதாக்கிப் பார்க்காத ஒரு மூலையில்தான் இருக்கும். சுட்டி பூதக்கண்ணாடியாக மாறும் இடங்களைத் தேடுங்கள். படத்தின் கீழ் விளிம்பில் பின்னால் செல்லும் அம்புக்குறி மட்டும் இருக்கும் என்று நினைத்து அந்தப் பகுதியைப் பலர் தொடுவதேயில்லை, அங்கேயும் பாருங்கள்.

அதற்கும் கிடைக்காவிட்டால் ஹின்ட். பொருள் தேடும் காட்சிக்கு வெளியே அதை அழுத்தினால் அடுத்து எங்கே போக வேண்டும், எதைத் தொட வேண்டும் என்று காட்டும். கடைசி வழி எழுத்தில் உள்ள வழிகாட்டி. நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரைத் தேடி, அந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள். அதில் போட்டிருக்கும் பூட்டு எண் உங்களுக்கு வேலை செய்யாமல் போகலாம், சில கேம்களில் விடை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும்.

12. சேமிப்பும் அடுத்த பாகமும்

ஆட்டம் தானாகச் சேமித்துக்கொள்ளும். ஆனாலும் மெனு பட்டனை அழுத்தி முதன்மை மெனுவுக்கு வந்துதான் மூடுங்கள். பாதிப் புதிரில் கேமின் ஜன்னலை மூடினால் அந்தப் புதிரை முதலிலிருந்து ஆட வேண்டியிருக்கலாம். கணினி மாற்றுவதாக இருந்தால் கடைப் பக்கத்தில் ‘ஸ்டீம் கிளவுட்’ (ஆட்டத்தை இணையத்தில் சேமிக்கும் வசதி) அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோனில் ஆப்பை நீக்கினால் ஆடியது போகும். வாங்கியது போகாது, அதே கணக்கில் மறுபடி இறக்கி, வாங்கியதை மீட்கும் பொத்தானை அழுத்தினால் போதும். வீட்டில் இன்னொருவரும் ஆடுவதாக இருந்தால் அவருக்குத் தனிப் பெயரில் ஒரு சுயவிவரம் உருவாக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஆட்டத்தின் மேலேயே ஆடிவிடுவார்.

ஒரு கேமை இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்து ஆடுங்கள். ஆனால் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி விடாதீர்கள். யார் யார், எந்தப் பூட்டு எங்கே என்பதெல்லாம் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எனிக்மேட்டிஸுக்கு இன்னும் இரண்டு பாகங்கள் இருக்கின்றன: ‘தி மிஸ்ட்ஸ் ஆஃப் ரேவன்வுட்’, ‘தி ஷேடோ ஆஃப் கர்கலா’. கதை தொடர்ச்சியானது, வரிசையாகத்தான் ஆட வேண்டும். முதல் பாகத்தை முடிக்கும்வரை மற்ற இரண்டின் கடைப் பக்கத்தைத் திறக்காதீர்கள். யாரைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள் என்று அந்தக் குறிப்பின் முதல் வரிகளிலேயே எழுதியிருப்பார்கள். மூட்டையாக வாங்கும்போதும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நேரே பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.